பழஞ்சாந்தும் புதுத்தரையும்

வன்னிப் பெருநிலத்தில் ஒரு வீட்டின் வரலாற்றை அறிய விரும்புபவர் அதன் கூரையைப் பார்த்துப் பயனில்லை. சுவரைப் பார்த்தும் பயனில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவின் வடபகுதியிலும் இன்று நிற்கும் கூரைகளும் சுவர்களும் பெரும்பாலும் 2009ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்தவை. பழமை எங்கேனும் எஞ்சியிருக்குமாயின் அது தரையில்தான் இருக்கும். ஓடு பறந்தது, மரம் எரிந்தது, கதவும் நிலையும் காணாமற் போயின. தரை மட்டும் மண்ணை விட்டு அசையாமற் கிடந்தது. மீளக் குடியேற வந்தோர் பலர், பற்றை மூடிய வளவுக்குள் நுழைந்து, கிணற்றின் கட்டையும் வீட்டின் தரையையும் கண்ட பின்னரே, இதுதான் எங்கள் காணி என்று மூச்சு விட்டனர்.

அத்தகைய தரைகளின்மேல் இன்று பளபளக்கும் தரையோடுகள் பதிக்கப்படுகின்றன. பதித்தவற்றுள் ஒரு பகுதி சில ஆண்டுகளிலேயே கிளம்பி விடுகிறது. கிளம்பியதை அகற்றிப் புதியதைப் பதிப்பதற்கிடையில் ஒரு வேலை உண்டு. பழைய ஓட்டைப் பிடித்திருந்த சாந்தைக் கொங்கிறீற்றுத் தரையிலிருந்து நீக்குவதே அவ்வேலை. வீட்டுக்காரர் அதனை ஒரு வேலையாக எண்ணுவதில்லை; கணக்குப் போடுபவர் அதற்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை; செய்பவனும் அதனை விரைவில் முடித்துவிட்டுப் பதிக்கும் வேலைக்குப் போகவே விரும்புகிறான். ஆயினும் புதிய தரை நிற்பதும் வீழ்வதும் இந்த ஒரு வேலையைப் பொறுத்தே அமைகின்றன. இலக்கியப் பக்கத்தில் சீமெந்துக்கு என்ன இடம் என்று கேட்போர் இருக்கலாம். மனிதர் முழந்தாளிட்டுச் செய்யும் எந்த வேலைக்கும் எழுத்திலே இடமுண்டு என்பது என் துணிபு.

மெழுகிய தரையிலிருந்து மாபிள் வரை

நம் பாட்டிமார் மண் வீட்டின் தரையைச் சாணமிட்டு மெழுகிய முறையை நினைவு கூர்வோம். முதலில் தரையைக் கூட்டுவார்கள். பொருக்கு எழுந்த இடத்தைச் சுரண்டி எடுப்பார்கள். பின்னர் நீர் தெளிப்பார்கள். அதன் பின்னரே மெழுக்கு. பொருக்கின்மேல் மெழுகினால் மறுநாளே அது பொருக்கோடு பெயர்ந்து வரும் என்பதை அவர்களுக்கு எவரும் நூலில் எழுதிக் கொடுக்கவில்லை. இன்றைய பொறியியல் சொல்லும் விதியும் இதுவேயாகும். ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கு இருப்பினும், அவற்றுள் மிக நொய்ந்த அடுக்கின் வலிமைதான் அனைத்தின் வலிமையும்.

சாண மெழுக்கின் பின் சீமெந்து வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிற்று. அதன் பின்னர் வடபுலத்து வீடுகளில் சீமெந்துத் தரை பரவலாயிற்று. வசதியுள்ளோர் சிவப்புச் சாயம் கலந்து இழைத்தனர். தேங்காய்ப் பொச்சினாலும் மெழுகினாலும் தேய்த்துத் தேய்த்து அதனைக் கண்ணாடிபோல் ஆக்கினர். 1990இல் போர் காரணமாக அத்தொழிற்சாலை நின்றது. வன்னிக்குச் சீமெந்து கொண்டு செல்வதற்குத் தடை வந்தது. 2002 பெப்ரவரியில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னரே பொருள்கள் மீண்டும் தாராளமாக வந்தன. 2006 ஆகஸ்டில் வீதி மறுபடியும் மூடப்பட்டது. இந்த நாலரை ஆண்டு இடைவெளியில் கட்டிய வீடுகளும் பல.

போர் முடிந்த பின் உதவித் திட்டங்கள் வந்தன. அவற்றுள் மிகப் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். 2010இல் அறிவிக்கப்பட்டு, ஆயிரம் வீடுகள் கொண்ட முன்னோடிப் பகுதி 2012 யூலையில் முடிந்தது. 2012 ஒக்டோபர் 2ஆம் நாள் வடக்கு கிழக்கிற்கான பெரும்பகுதி தொடங்கப்பட்டது. வீட்டுக்காரரே நின்று கட்டுவித்துக்கொள்ளும் அம்முறையில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் தவணை தவணையாக வழங்கப்பட்டது. அத்தொகைக்குள் சுவரும் கூரையும் சீமெந்துத் தரையுமே அடங்கும், தரையோடு அடங்காது. அதனை மக்கள் தம் கையால் சேர்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளை அனுப்பிய பணத்தினாலோ, நெல் விற்ற காசினாலோ, கடனாலோ அது வந்தது. களிமண்ணைச் சுட்டு மெருகேற்றிய இந்த ஓட்டை நம்மவர் மாபிள் என்கிறார்கள். சலவைக்கல்லுக்கும் அதற்கும் உள்ள உறவு பெயரளவில்தான். எனினும் மாபிள் போட்ட வீடு என்ற சொல்லில் ஒரு பெருமிதம் இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்தவர் ஒரு பெருமிதத்தை விலைகொடுத்து வாங்குவதை நான் குறை கூறமாட்டேன். அது நிலைக்க வேண்டும் என்பதே என் கவலை.

ஒட்டும் சாந்தின் இயல்பு

பழைய காலத்தில் ஓடு பதிப்பதற்கு இரண்டு அங்குலம் வரை தடித்த சாந்துப் படுக்கை இட்டார்கள். அதனை மாற்றியவர் அமெரிக்க இரசாயனப் பொறியியலாளர் ஹென்றி ரோத்பேர்க் என்பவர். சீமெந்துச் சாந்தில் இறப்பர்ப் பால் போன்ற பல்பகுதியக் குழம்பைக் கலந்தால், சில மில்லிமீற்றர் தடிப்பிலேயே ஓடு உறுதியாக ஒட்டும் என்று அவர் கண்டார். 1956இல் அதற்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். இன்று பையில் அடைத்து வரும் ஒட்டுச்சாந்து அந்த வழியில் வந்ததே. அதில் சீமெந்து உண்டு; நுண்மணல் உண்டு; நீரைப் பிடித்து வைக்கும் செலுலோசு உண்டு; நீர் பட்டதும் பசையாகும் பல்பகுதியத் தூளும் உண்டு.

இக்கலவையே அகற்றுதலைக் கடினமாக்குகிறது. வெறுஞ் சீமெந்துச் சாந்து உளிபட்டால் உடைந்து தெறிக்கும். பல்பகுதியம் கலந்தது அவ்வாறன்று. சிறிது வளைந்து கொடுத்துப் பின் இழுத்துப் பிடிக்கும். அமிலம் ஊற்றினால் சீமெந்துப் பகுதி அரிபடும். பசைப்பகுதி அப்படியே நிற்கும். இடையில் அடித்தளக் கொங்கிறீற்றும் அரிபட்டுப் பொருக்காகும். ஆகவே அமிலத்தால் தரையைத் தயார் செய்யலாம் என்பது பெரும்பாலும் வீண் நம்பிக்கை. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. கிணற்றுக்கு இடுவதற்கென்று வெளிற்றும் தூளை வீட்டில் வைத்திருப்பது நம் ஊர் வழக்கம். அத்தூளும் அமிலமும் சேர்ந்தால் குளோரீன் வாயு எழும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தைக் கண்ட மூத்தோருக்கு அவ்வாயுவின் கொடுமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய அறைக்குள் அது உயிரையும் வாங்கும்.

ஒரு வீட்டில் இரண்டு தரை

கிளிநொச்சிக்குக் கிழக்கே குடியேற்றக் கிராமம் ஒன்றில் இவ்வேலையை நான்கு நாள் அருகிருந்து பார்த்தேன். வீட்டுக்கு உரியவர் எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார். வீட்டின் கூடமும் விறாந்தையும் பழைய அத்திவாரத்தின்மேல் நிற்கின்றன. அவற்றின் தரை சிவப்புச் சீமெந்து. குசினியும் ஓர் அறையும் மீள்குடியேற்றத்தின் பின் சேர்த்துக் கட்டியவை. அவற்றின் தரை புதிய கொங்கிறீற்று. கனடாவிலுள்ள மகள் அனுப்பிய பணத்தில் வீடு முழுவதற்கும் ஒரே தடவையில் மாபிள் பதித்திருந்தார்கள். ஏழாண்டு செல்லுமுன் கூடத்தில் ஓடுகள் கூடாரம்போல் மேலெழுந்தன. குசினியில் உரல் வைத்த இடத்தில் வெடித்தன.

அகற்ற வந்த மேசன் ஐம்பது வயதுடையவர். அவர் முதலில் உளியை எடுக்கவில்லை. சுத்தியலின் மரப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வீடு முழுவதும் நடந்தார். சில இடங்களில் இறுகிய ஒலி; சில இடங்களில் வெற்றுப் பானையைத் தட்டிய ஒலி. வெற்றொலி எழுந்த ஓடுகளுக்குச் சோக்கட்டியால் குறியிட்டார். கூடத்தில் ஏறத்தாழ எல்லா ஓட்டிலும் குறி விழுந்தது.

கூடத்து ஓடுகள் கையால் தூக்கவே வந்துவிட்டன. அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது சாந்து முழுவதும் ஓட்டின் முதுகிலேயே இருந்தது. தரையோடு தொட்டிருந்த பக்கம் வழவழப்பாகச் சிவப்புச் சாயம் ஏறியிருந்தது. சாந்து ஓட்டைப் பிடித்தது; தரையை ஒருநாளும் பிடிக்கவில்லை. பல பத்தாண்டுகளாக மெழுகும் எண்ணெயும் பாதத்தின் மெருகும் ஏறிய தரையில் நீரே இறங்காதபோது சாந்தின் வேர் எவ்வாறு இறங்கும்? குசினியிலோ நிலைமை முற்றிலும் வேறு. ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும் நான்கு மூலையிலுமாக ஐந்து கட்டி சாந்து வைத்து அழுத்தியிருந்தார்கள். கட்டிகளுக்கிடையில் வெறுமை. வெறுமையின்மேல் பாரம் விழுந்ததால் ஓடு வெடித்தது. ஆனால் அந்தக் கட்டிகள் கொங்கிறீற்றை விடுவதாக இல்லை. ஒரு வீட்டில் ஒரே சாந்து, ஓரிடத்தில் ஒட்டாமற் கெடுத்தது. மற்றோரிடத்தில் ஒட்டியதை விடாமல் வருத்தியது.

"மாஸ்டர், மாபிள் நிக்கிறது பசையில இல்லை, நிலத்திலதான். நிலத்தைப் பாக்காமல் பசையை மட்டும் விலை கூடினதா வாங்கி என்ன செய்யிறது?" என்றார் மேசன். தரையை நிலம் என்று சொல்வது எங்கள் பேச்சு வழக்கு. அவ்வழக்கில் ஓர் உண்மை இருப்பதாக அன்று எனக்குப் பட்டது.

அகற்றும் முறை

அவர் செய்ததையும், பின்னர் நான் நூல்களிற் படித்ததையும் சேர்த்து, பயன் கருதி இங்கு சொல்கிறேன்.

முதலாவது, சாந்தை நனைப்பது. முதல் நாள் மாலை குசினித் தரையில் ஈரச் சாக்கை விரித்து இரவு முழுவதும் விட்டார். ஊறிய சாந்து சிறிது இளகும். அதனினும் மேலாகத் தூசி அடங்கும். இரண்டாவது, உளியைப் பிடிக்கும் கோணம். நிமிர்த்திப் பிடித்தால் உளி கொங்கிறீற்றுக்குள் இறங்கிக் குழி பறிக்கும். தரையோடு படுத்தாற்போல், முப்பது பாகை அளவிற் சாய்த்துப் பிடித்து, கட்டியின் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்ட வேண்டும். நடுவிலிருந்து தொடங்குபவன் இருமடங்கு உழைத்துப் பாதி வேலை செய்வான். பரந்த தரையாயின் கொத்தும் மின்பொறியில் அகன்ற உளியைப் பூட்டியும் இதனைச் செய்யலாம். கோணம் அதற்கும் அதுவே.

உளியால் வராத மெல்லிய படலத்துக்குக் கிறைண்டரில் கிண்ணவடிவான வைரச் சில்லைப் பூட்டித் தேய்ப்பதுண்டு. நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் அச்சில்லு நொடியில் வேலையை முடிக்கும். நொடியில் அறையையும் புகைமூட்டமாக்கும். ஆகவே சில்லைச் சுற்றி உறையும், உறையோடு தூசியை இழுக்கும் உறிஞ்சியும் வேண்டும். நீர் ஊற்றித் தேய்ப்பதாயின் மின்சாரம் பற்றிய அச்சம் வேண்டும். ஈரத்தில் வேலை செய்வதற்கென அமைந்த பொறியும், மின்கசிவு கண்டதும் தானே இணைப்பை அறுக்கும் திறிப் சுவிச்சும் இல்லாத வீட்டில் அம்முறையை நினைக்கவே கூடாது.

எவ்வளவு அகற்றினால் போதும் என்பதே அடுத்த கேள்வி. கடைசித் துகள்வரை தேய்த்துத் தரையையே தின்றுவிடுவோர் உளர். மேடுகளைத் தட்டிவிட்டுப் போதும் என்போரும் உளர். இரண்டும் பிழை. உளியின் முனையால் அழுத்திச் சுரண்டியும் அசையாத, தட்டினால் இறுகிய ஒலி தரும், உயரம் மிகாத மெல்லிய படலம் இருந்துவிடலாம். அசைவது எதுவும் இருக்கக் கூடாது. நீண்ட மட்டக்கோலைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாவது பதினைந்து அங்குலமோ அதற்கு மேலோ உள்ள பெரிய ஓடுகளுக்குப் பத்தடி நீளத்தில் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட ஏற்றத்தாழ்வு ஆகாது என்பது அமெரிக்கத் தரவிதி. பின்னர் ஒரு துளி நீரை விட்டுப் பார்க்க வேண்டும். துளி முத்தாக உருண்டு நின்றால் மெழுகோ எண்ணெயோ பழம்பசையோ இன்னும் உண்டு. மெல்லப் பரந்து உள்ளிறங்கினால் தரை புதிய சாந்தை ஏற்கும்.

வன்னிக்கென்று ஒரு விதியையும் சேர்க்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பொழிகிறது. குளங்கள் நிரம்புகின்றன, நிலத்தடி நீர் மேலேறுகிறது, கொங்கிறீற்று அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி மூடிப் பதினாறு மணிநேரம் விட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்திவலை கண்டால் அந்தத் தரையில் இப்போது எதையும் பதிக்காதீர்கள். மாசி, பங்குனி வெயிலுக்குக் காத்திருப்பது நட்டமன்று.

கண்ணுக்குத் தெரியாத தூசி

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் முதன்மையான செய்தி. ஒட்டுச்சாந்தை மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் முழுதாகப் பரப்பினால் ஒரு சதுர மீற்றருக்கு நாலு கிலோ அளவில் செல்லும். முந்நூறு சதுர அடித் தரையில் அது நூறு கிலோவைத் தாண்டும். அத்தனையும் உடைந்து தூளாகியே வெளிவர வேண்டும். அத்தூளில் மணல் இருக்கிறது. மணலில் சிலிக்கா இருக்கிறது. தேய்படும் கொங்கிறீற்றிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியாக வெளியேறும். மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கினும் சிறிய துகளே சுவாசப்பையின் அடிவரை சென்று தங்குகிறது. அது கரைவதில்லை. அதனைச் சுற்றித் தழும்பு வளர்கிறது. சிலிக்கோசிசு என்னும் அந்நோயை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. 1997இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சுவாசிக்கத்தக்க பளிங்குச் சிலிக்காவை மனிதரிடம் புற்றுநோய் விளைவிப்பவை என்னும் முதல் வகுப்பிற் சேர்த்தது.

உலகம் இதனை அறியாமல் இருக்கவில்லை. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் 1930ஆம் ஆண்டு தொடங்கி ஹோக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினர். சிலிக்கா மிகுந்த பாறை, உலர்நிலையில் துளைத்தனர், தொழிலாளருக்கு முகமூடி கொடுக்கவில்லை. வேலை தேடி வந்த வறியோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், நூற்றுக்கணக்கில் மடிந்தனர். 2016இல் அமெரிக்கா ஒரு கன மீற்றர் காற்றில் ஐம்பது மைக்கிரோகிராமுக்கு மேல் இத்தூசி இருக்கக் கூடாதென விதித்தது. சமையற்கட்டு மேடைகளுக்கு வெட்டும் செயற்கைக் கல்லினால் இளந்தொழிலாளர் நோயுற்றதைக் கண்ட அவுஸ்திரேலியா, 2024 யூலை முதல் அக்கல்லையே தடை செய்தது. அத்தகைய நாடுகளிலே எழுபதுகள் வரை ஒட்டிய பழைய தரைகளின் கரும்பசையில் அசுபெத்தசு நாரும் இருப்பதுண்டு. அங்கே அதனை உலர்நிலையிற் சுரண்டுவதே குற்றம். நம் ஊரில் அசுபெத்தசு பெரும்பாலும் கூரையில் இருக்கிறது. உடைந்த கூரைத் தகட்டைத் தரை நிரப்பும் கற்களோடு போடலாகாது. நாளை அத்தரையை உடைப்பவன் அதனை அறியமாட்டான்.

அந்த வீட்டிலே மேசனுக்குத் துணையாக இருபது வயது இளைஞன் ஒருவன் வந்திருந்தான். கிறைண்டரை இயக்கியவன் அவனே. முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தான். கைக்குட்டை அத்துகளைத் தடுக்காது. கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் பெயர் அறிந்துகொண்ட என்-95 வகை முகமூடி, முகத்தோடு இறுக அணிந்தால், ஓரளவு தடுக்கும். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் பொருள் அது. விசாரித்தபோது மேசன் வருத்தத்தோடு சொன்னார்: "மாபிள் பதிக்கச் சதுர அடிக்குக் காசு. இதைக் கிண்டி எடுக்கிறதுக்கு ஆர் காசு தருவினம், மாஸ்டர்? கெதியாய் முடிச்சால்தான் எங்களுக்குக் கட்டும். கெதியாய் எண்டால் கிறைண்டர்தான்."

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பதித்தலுக்குக் கூலி உண்டு, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிகிறது. அகற்றலுக்குக் கூலி இல்லை, ஏனெனில் நன்றாகச் செய்யப்பட்டால் அது மறைந்தே போகிறது. கூலியில்லாத வேலை அவசரமாகும், அவசரம் தூசியாகும், தூசி ஓர் இளைஞனின் மூச்சுக்குள் போய்த் தங்கும். அதன் விளைவு தெரியப் பத்தாண்டோ இருபதாண்டோ செல்லலாம். அன்று அவனுடைய இருமலையும் இந்தக் குசினியையும் இணைத்துப் பார்க்க எவரும் இரார்.

சிவப்புத் தரையின் தீர்ப்பு

மூன்றாம் நாள் கூடத்துத் தரை வெளிப்பட்டது. ஒட்டியிருந்த சில படலங்களை ஈரத்துணியாலும் மரச்சுரண்டியாலும் மேசன் மெதுவாக நீக்கினார். இரும்பை அங்கே அவர் தொடவில்லை. மூலையில், சீமெந்து ஈரமாயிருந்தபோது ஆணியாற் கீறிய 1972 என்ற இலக்கம் தெரிந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. சன்னம் பட்ட சிறு குழிகள் இரண்டு. மற்றபடி தரை முழுமையாக இருந்தது.

மேசன் தாயாரிடம் விடயத்தைத் தெளிவாகச் சொன்னார். "அம்மா, இதுக்கு மேல திரும்பவும் மாபிள் வேணுமெண்டால் இந்தச் சிவப்பு நிலம் முழுக்கக் கொத்தவேணும். கொத்தாட்டில் பிடிக்காது. கொத்தினால் பிறகு இது இல்லை." இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை அவர் காட்டவில்லை, இல்லாத வழியைக் காட்டுவது நேர்மையன்று.

மகளோடு தொலைபேசியிற் பேச்சு நடந்தது. வீட்டுக்கு வருவோர் என்ன நினைப்பார்கள் என்று மகள் தயங்கினார். தாயார் சொன்ன மறுமொழியை அப்படியே தருகிறேன். "வந்து இறங்கேக்க இங்க சுவரில்லை, கூரையில்லை பிள்ளை. இந்த நிலத்தைக் கண்டுதான் எங்கட வளவெண்டு அறிஞ்சனாங்கள். இதைக் கொத்த வேண்டாம். இது இப்பிடியே கிடக்கட்டும்." கூடமும் விறாந்தையும் சிவப்பாகவே விடப்பட்டன. வெடிப்பை அடைத்து மெழுகிட்டார்கள். குசினிக்கும் அறைக்கும் மட்டும் புதிய ஓடு வந்தது. இம்முறை பற்கரண்டியால் சாந்தை ஒரே திசையிற் சீவிப் பரப்பி, வெறுமையின்றி ஓட்டை அழுத்தினார்கள். சுவரோரம் நான்கு பக்கமும் விரிவுக்குச் சிறிது இடைவெளி விட்டார்கள். வெயிலுக்கு விரிவதும் மழைக்குக் குளிர்வதும் தரைக்கும் உண்டு. இடம் கொடாவிட்டால் அது கூடாரமாக எழும்.

அகற்றல் என்பது அழித்தல் அன்று என்பதை அந்தக் கூடம் எனக்கு உணர்த்திற்று. எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று பிரித்தறிவதே அவ்வேலையின் உயிர். கொங்கிறீற்றில் இறுகிய கட்டியை இரக்கமின்றி நீக்கிய அதே கை, சிவப்புத் தரையில் இரும்பைக்கூட வைக்கத் தயங்கிற்று. இது பொறியில் இல்லாத அறிவு. கைவழி வந்த அறிவு. அதற்குக் கல்வியென்றே பெயரிட வேண்டும்.

செய்யத்தக்கவை

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதே நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. பதிக்கக் கற்பிக்கும் இடங்களிலெல்லாம் அகற்றவும் கற்பிக்கப்படல் வேண்டும். சிலிக்கா பற்றிய ஒரு பாடம் முதல் வாரத்திலேயே இடம்பெற வேண்டும். பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுவாசத் தொகுதியைப் படிப்பிக்கும்போது, வகுப்பிலிருக்கும் பையன்களுள் எத்தனை பேர் நாளை கிறைண்டர் பிடிக்கப் போகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். படத்திலுள்ள சுவாசப்பையோடு அவர்களுடைய சுவாசப்பையையும் சேர்த்துக் கற்பியுங்கள்.

வீடு கட்டுவிப்போர் செய்ய வேண்டியது எளிது. மதிப்பீட்டுத் தாளில் பழஞ்சாந்து அகற்றல் என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். அதற்கு நாட்கூலி பேசுங்கள். சதுர அடிக் கணக்கு வேண்டாம். முகமூடியும் கண்காப்பும் வேலை தொடங்குமுன் உங்கள் கையாலேயே கொடுங்கள். உலர்ந்த விளக்குமாற்றால் தூசியைக் கூட்ட விடாதீர்கள். நீர் தெளித்து அள்ளிச் சாக்கிற் கட்டுங்கள். குழந்தைகளையும் முதியோரையும் அந்த நாட்களில் அயல் வீட்டுக்கு அனுப்புங்கள். ஓட்டின் விலையோடு பார்த்தால் இவற்றின் செலவு பெரிதன்று.

இந்த மண்ணுக்கு அகற்றல் புதிய செய்தியன்று. மக்கள் திரும்புமுன் கண்ணிவெடி அகற்றுவோர் வந்தார்கள். கலோ அறக்கட்டளை போன்ற அமைப்புக்களின் பணியாளர்கள் வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக நிலத்தைத் தடவிச் சென்றார்கள். அவர்களுட் பலர் இவ்வூர்ப் பெண்கள். அவர்கள் எடுத்துச் சென்றதை நாம் காணவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற வெறும் நிலத்தின்மேல்தான் நம் வீடுகள் நிற்கின்றன. அகற்றுவோரின் வேலை கண்ணுக்குத் தெரியாமற் போவதே அதன் வெற்றி. அவ்வெற்றிக்குரிய கூலியும், அதனைச் செய்வோர் மூச்சுக்குரிய காப்பும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியாமற் போய்விடலாகாது.